ஜெகபர் சாதிக்கின் எட்டாவது படி

"ஒரே உதை! ஊருணியில பாதியைத் தாண்டித்தான் என் தலை வெளியே தெரியும்!"

தையல் மிஷினை மிதித்தபடியே ஜெகபர் சாதிக் சொன்னதைக் கேட்டு, காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஆரிபா விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். சட்டை வாங்க வந்த பூமிநாதன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உதைக்க இருக்கிறதே ஒரு காலு. நேரா எப்படிப் போவீக பாய்? பம்பரமாச் சுத்துவீக!"

இளம்பிள்ளை வாதத்தில் ஜெகபரின் இடது கால் சூம்பிப் போயிருந்தது. பதினைந்து வருஷம் மிஷின் மிதித்த வலது காலோ, செட்டியார் வீட்டுத் தேக்குத் தூணையே பெயர்த்துவிடும். அந்த வருஷம், 1969-இல், மதுரை நீச்சல் போட்டிக்குக் காரைக்குடியிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். அது தான்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

நீந்துவதில் குறையில்லை. கிளம்புவதில்தான் வம்பு.

படித்துறை மேலிருந்து பாய்ந்து பார்த்தார். ஒற்றைக்கால் உந்தல் இடப்பக்கம் இழுத்து, பெண்கள் படித்துறையில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே துவைத்துக்கொண்டிருந்த ராக்காயி ஈரச்சேலையால் விளாசினாள். மறுநாள் இஞ்சிடேப்பால் அளந்து, உடம்பை வலப்பக்கம் ஆறங்குலம் சாய்த்துப் பாய்ந்தார். எருமை மேல் விழுந்தார். அந்த எருமை அதன்பிறகு ஊருணிப் பக்கமே வரவில்லை.

"தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, படியை உதைச்சுக் கெளம்புங்க மச்சான்" என்றாள் ஆரிபா.

தண்ணீருக்குள் இருந்த ஏழு படியிலும் பாசி. உதைத்த கால் வழுக்கி, நின்ற இடத்திலேயே மல்லாந்தார்.

"ஏழும் பாத்தாச்சு. எட்டாவது படி எங்கேயாச்சும் இருக்கா?" என்றாள் ஆரிபா. கரையில் நின்ற பூமிநாதன் சிரித்தான்.

"இல்லாட்டியும் கெளம்புவேன்!"

ஆளைத் தேர்ந்தெடுக்க ஊருணியில் வைத்த போட்டியன்று ஐந்து பேர். மூவர் மேலே நின்றார்கள். "பாய்க்குத் துணையா நானும் தண்ணிக்குள்ளயே நிக்கிறேன்" என்று, தானும் பேர் கொடுத்திருந்த பூமிநாதன் பக்கத்தில் இறங்கிக்கொண்டான்.

டிரில் மாஸ்டர் குழந்தைவேலு விசில் ஊதினார்.

ஜெகபர் உதைத்தார். வழுக்கவேயில்லை! பாதி ஊருணி தாண்டித் தலை தெரிந்தது. அவர் கிளப்பிய அலையில் அக்கரைக் கொக்குகள் நனைந்தன. முதலாவதாகக் கரை தொட்டார். பூமிநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தான்.

"நம்ப முடியலையே. விசிலுக்கு முந்தியே கெளம்பிட்டீகளா?" என்றார் மாஸ்டர். "இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க பாய். இல்லாட்டி பேரை அடிச்சிருவேன்."

ஜெகபர் முதல் படியை உதைத்தார். வழுக்கியது. இரண்டு, மூன்று... ஏழும் வழுக்கின. மூக்கில் தண்ணீர் ஏற, மறுபடி முதல் படியில் காலை வைத்தார். மாஸ்டர் பேனாவைத் திறந்தார்.

"நிறுத்துங்க சார்!"

பூமிநாதன் எழுந்து, ஈர பனியனை மெல்லத் தூக்கினான். தொப்புளுக்கு மேலே, ஐந்து விரலும் எண்ணுகிற மாதிரி, கன்றிப்போன பாதத் தடம்.

"நடந்தது நெசந்தான் சார். பாயைக் கெளம்ப விடாம அந்தச் சூம்பின காலைப் புடிக்கலாம்னு பின்னாடி முங்கினேன். அந்த எட்டாவது படி நான்தான்."