அயர்லாந்து ரயிலுக்கு ஆயுத பூஜை

எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தால் நான் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்ததெல்லாம் நல்ல எண்ணத்தால்தான். அதில் முதலிடம், லண்டனில் ஒரு ரயிலுக்கு நான் ஆயுத பூஜை போட்டதற்கு. (முழுசாகக் கேளுங்கள், அதற்குள் சிரித்துவிடாதீர்கள்.)

கல்யாணமான புதிது. இரண்டாயிரத்துச் சொச்சம். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் சேகருக்கு கம்ப்யூட்டர் வேலை. எனக்கு ஜன்னல் வழியாக மழை பார்க்கிற வேலை. கீழே வீட்டுக்காரர் டெக்லன், அயர்லாந்துக்காரர், எழுபதை நெருங்குகிற வயது, கல்யாணமே செய்துகொள்ளாதவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது நாக்கில் வரவில்லை. "அங்கிள்" என்றேன். முதல் தடவை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம். எங்கள் குப்பை மேல் அவருக்கு ஆசை. டீ வடிகட்டிய தூளை எறியாமல் தனக்குத் தரச் சொன்னார். ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில் தமிழ்க் கடையில் நான் ஒரு தென்னை விளக்குமாறு வாங்கி வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதிலிருந்து பத்துக் குச்சி தருவாயா, மீனா?" என்று கேட்டார். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் என் தமிழில் சொல்கிறேன்.) குச்சியைக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"ஏங்க, இந்த மனுஷருக்கு மூளை கொஞ்சம் இப்படி அப்படியோ?"

"ஒண்ணாம் தேதி காலையில டாண்ணு வாடகை கேக்கறார்ல? மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் சேகர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

பிறகு ஒரு நாள் டெக்லன் எங்களைக் கூப்பிட்டு, எப்போதும் பூட்டியே இருந்த முன்னறையைத் திறந்து காட்டினார். வாயைப் பிளந்தேன். மூட மறந்தேன்.

அறைக்குள் ஒரு ஊர் இருந்தது! இடுப்பு உயர மேடை மேல், சுவருக்குச் சுவர், மலையும் கடலும் மேய்ச்சல் நிலமுமாக. விரல் நகம் அளவு ஜன்னல்கள் வைத்த வெள்ளை வீடுகள். கம்பிக் கால்களில் நின்ற பஞ்சு ஆடுகள். ஒரு கழுதை வண்டி, அதில் மண்கட்டிகள் அடுக்கியிருந்தன. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிற கட்டி அது, நம் ஊர் வறட்டி மாதிரி. அந்தச் சதுப்பு நிலம் முழுக்க என் டீத்தூள்! தண்டவாளத்தோரம் வரிசையாக நின்ற தந்திக் கம்பங்கள் என் விளக்குமாற்றுக் குச்சிகள்! பாதி அயர்லாந்து எங்கள் வீட்டுக் குப்பையில் எழும்பி நிற்கிறதே என்று எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது.

டெக்லன் ஒரு குமிழைத் திருகினார். உள்ளங்கையில் அடங்குகிற பச்சை எஞ்சின் ஒன்று, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, கடலோரமாக வளைந்து, ஒரு மேட்டின் மேல் ஏறி, பாலத்தைத் தாண்டி வந்தது. என் அப்பா திருச்சியில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். யானை மாதிரி எஞ்சின்களைக் கிட்டத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்தக் குட்டி எஞ்சினைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு அழகு, அப்படி ஒரு பொறுமை.

"இதை எங்கள் அப்பா ஓட்டினார்" என்றார் டெக்லன். நம் பழைய மீட்டர் கேஜைவிடவும் குறுகலான பாதையாம். கடலோரக் கிராமங்களுக்கு அது ஒன்றுதான் வண்டி. இவர் சின்னப் பையனாக இருந்தபோதே பாதையை மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது இவரும், ஊரிலேயே இருக்கிற அக்கா நோராவும்.

"எனக்கு எல்லாம் அரைகுறை ஞாபகம்தான். நோராவுக்குத்தான் முழுசாகத் தெரியும். அடுத்த மாதம் வருகிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு இடுப்பு ஆபரேஷன், இனி இவ்வளவு தூரம் வரமாட்டாள். அவள் பார்த்துவிட்டு, 'ஆமாம், இதுதான் அப்பாவோட ரயில்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும்" என்றார். சொல்லிவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் வைத்துவிட்டேன். ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது, மீனா. என்னவென்றுதான் பிடிபடவில்லை."

அவருக்குப் பிடிபடாதது எனக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. பூஜை! எஞ்சின் முகத்தில் ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை. சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கியதில்லை. அப்புறம் குறையாமல் என்ன செய்யும்?

நோரா வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து ஆயுத பூஜை. இதைத் தெய்வ சங்கல்பம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? டெக்லன் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது முன்னறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். "ஜன்னல் திரையை மட்டும் திறந்து வை. வெளிச்சம் வரட்டும். வேறு எதையும் தொடாதே" என்றார். (தொடாதே என்றுதான் சொன்னார். பூஜை போடாதே என்று சொல்லவில்லை.)

முதலில் காலிங் கார்டைச் சுரண்டி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, எஞ்சினுக்குச் சந்தனம் எங்க வைக்கணும்?"

"மூஞ்சியில வை, சக்கரத்துல வை. எந்த எஞ்சின்மா?"

"இங்க ஒரு எஞ்சின்ப்பா. இன்னைக்கு நான்தான் பூஜை போடறேன்."

"அடி சக்கை! லண்டன் ரயிலுக்கா?"

அதோடு கார்டில் காசு தீர்ந்துவிட்டது. மகள் கையால்தான் லண்டன் ரயிலுக்கே பூஜை நடக்கிறது என்று அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பூஜை என்றால் பட்டுப்புடவை வேண்டாமா? அரக்கு நிறத்தில் என் முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டும் மணியுமாகக் கீழே இறங்கினேன். எஞ்சின் முகத்தில் குண்டூசிக் கொண்டையால் சந்தனம், குங்குமம் வைத்தேன். எவ்வளவு பாந்தமாக இருந்தது தெரியுமா! சக்கரங்களிலும் தண்டவாளத்திலும் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தேன். அடுத்து எலுமிச்சம்பழம். அங்கேதான் சிக்கல். பழம் எஞ்சினைவிடப் பெரிசு. வேண்டுமானால் பழத்தின் மேல் எஞ்சினை உட்கார வைக்கலாம். யோசித்தேன். பச்சையாக, உருண்டையாக, இந்தச் சக்கரத்துக்கு ஏற்ற அளவில் என்ன இருக்கிறது?

ஃப்ரீசரில் பட்டாணி இருந்தது.

சக்கரத்துக்கு ஒன்றாகப் பட்டாணி வைத்து, சூடம் ஏற்றிக் காட்டி, மணியை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் குமிழைத் திருகினேன். நசுங்கினால்தானே பூஜை பூர்த்தி? எஞ்சின் ஒரு முறை முக்கியது. பட்டாணிகள் ஒவ்வொன்றாக நசுங்கின. வண்டி கம்பீரமாகப் புறப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடலோரம் போயிற்று, வளைந்தது, மேட்டில் பாதி ஏறியது, நின்றது. சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது! பட்டாணிச் சாறும் சந்தனமும் குழைந்து தண்டவாளம் வழவழவென்று கிடந்தது.

சரி, துடைத்துவிடலாம் என்று முந்தானையை எடுத்துக்கொண்டு மலை மேல் குனிந்தேன். ஒரு தந்திக் கம்பம் சாய்ந்தது. அதைப் பிடிக்கப் போனால் கழுதை வண்டி கவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சூடப் புகைக்குக் கூரையிலிருந்த அலாரம் வீல் என்று அலற ஆரம்பித்தது. கைலியோடு தூங்கிக்கொண்டிருந்த சேகர், வீடு பற்றிக்கொண்டதென்று நினைத்து ஓடி வந்தார்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"பூஜைங்க."

"எதுக்கு?"

"ரயிலுக்கு."

அவர் நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் அலாரத்துக்கு விசிற ஆரம்பித்தார். நான் எஞ்சினையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைத்தேன். வாசலில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

டெக்லனின் கையைப் பிடித்துக்கொண்டு நோரா உள்ளே வந்தார். ஒல்லியாக, வெள்ளை வெளேரென்ற தலையோடு, கைத்தடியோடு. அவர் முதலில் பார்த்தது நாற்காலி மேல் கைலியில் நின்ற சேகரை. அடுத்தது மணியும் கையுமாகப் பட்டுப்புடவையில் நின்ற என்னை. அறை முழுக்கப் புகை. டெக்லன் எஞ்சினைப் பார்த்தார், அதன் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த முகம் அப்படியே வாடிப்போயிற்று. பத்து வருஷத்துக்கு மேல் ஒருத்தர் உட்கார்ந்து செய்ததை அரை மணி நேரத்தில் பாழாக்கிவிட்டாயேடி பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பூமி பிளக்காதா என்று பார்த்தேன். கார்ப்பெட்தான் இருந்தது.

"ஓட்டு, பார்க்கலாம்" என்றார் நோரா, நாற்காலியில் உட்கார்ந்து. (சேகர் அதற்குள் இறங்கியிருந்தார்.)

டெக்லன் குமிழைத் திருகினார். வண்டி புறப்பட்டது. கடலோரம் போயிற்று. வளைந்தது. மேட்டில் பாதி ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் வழுக்கிச் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கைத்தடியைக் கீழே போடுகிற சத்தம். கண்ணைத் திறந்தால், நோரா எழுந்து மேடையருகே நின்றுகொண்டிருந்தார். சுட்டு விரலைக் கடைசிப் பெட்டியின் முதுகில் வைத்து மெதுவாகத் தள்ளினார்.

"இங்கேதான்" என்றார். "இதே மேட்டில்தான். மழை பெய்தால் தண்டவாளம் வழுக்கும், வண்டி நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். அப்பா எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்துத் திட்டுவார், இன்னும் பலமாகத் தள்ளுங்கள் என்று. உனக்கு எப்படித் தெரிந்தது, டெக்லன்? இது உனக்குத் தெரிய வழியே இல்லையே?"

"எனக்குத் தெரியாதே, நோரா."

"எப்படித் தெரியும்? நீ தூங்கிக்கொண்டிருப்பாய். குழந்தை தூங்கட்டும் என்று உன்னை மட்டும் இறக்கமாட்டோம். உன்னை உள்ளே வைத்துத்தான் தள்ளுவோம்."

வண்டி மேட்டின் உச்சிக்கு ஏறி, தானாகவே பாலத்தைத் தாண்டி ஓடியது. நோரா அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமாம், இதுதான் அப்பாவோட ரயில்" என்றார்.

டெக்லன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஊரே நனைந்துகொண்டு இறங்கித் தள்ள, உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டு போயிருக்கிறது. அது கிழவனாகி, ஏதோ குறைகிறதே என்று இத்தனை வருஷம் தேடியிருக்கிறது.

டீ கொடுத்தேன். பிஸ்கட் கொடுத்தேன். நோரா என் புடவையை ரசித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் உங்கள் வழக்கமா?" என்று என் முந்தானையைக் காட்டினார். ஜரிகையில் கம்பிக்கால் மாட்டிக்கொண்டு ஒரு ஆடு தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அதோடுதான் நான் உபசாரம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். சேகர் பார்த்திருக்கிறார், சொல்லவில்லை. (அந்தக் கணக்கை நான் இன்னும் தீர்க்கவில்லை.)

கம்பத்தையும் வண்டியையும் டெக்லன் மறுநாளே சரி செய்துவிட்டார். அந்த மேட்டுத் தண்டவாளத்தை மட்டும் துடைக்கவில்லை, என்னையும் துடைக்கவிடவில்லை. நாங்கள் லண்டனுக்குள்ளேயே சட்டன் என்கிற இடத்தில் வீடு வாங்கிப் போன பிறகும் எங்கள் வீட்டில் பட்டாணிப் பேச்சு ஓயவில்லை. கார் வாங்கினாலும் சரி, வாஷிங் மெஷின் வாங்கினாலும் சரி, "அம்மா வர்றாங்க, பட்டாணியை ஒளிச்சு வைங்க!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். திருச்சியில் நான் இன்றைக்கும் லண்டன் ரயிலுக்குப் பூஜை போட்டவள்தான். அதை மறுக்க எனக்கும் மனசு வரவில்லை.

நாங்கள் அந்த மாடியில் இருந்தபோதே, அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு டெக்லனே மாடியேறி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பாக்கெட் பட்டாணி. "வா, நேரமாகிறது" என்றார். முன்னறையில் அந்த மேட்டில் புதுசாகச் சில மனிதர்கள் நின்றிருந்தார்கள், ஒவ்வொருவரும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. எஞ்சினிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஜன்னலோரம் ஒரு குழந்தை தூங்கியது. பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் மட்டும் அரக்கு நிறத்தில் என்னவோ கட்டியிருந்தது. பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தேன். முந்தானையில் ஒரு ஆடு தொங்கிக்கொண்டிருந்தது.