அமிர்தராஜ் கேசட் தேர்ந்தெடுக்கிறார்

கற்றுக்கொள்கிறவர் வேறு, கற்றுக்கொள்ளப்போகிறவர் வேறு. முதல் வகையாரை நீங்கள் எளிதில் அடையாளம் காணலாம். கையில் காயம் இருக்கும், சட்டையில் கறை இருக்கும், செய்த காரியத்தில் ஒரு கோணல் இருக்கும். இரண்டாம் வகையாரிடம் காயமும் இல்லை, கறையும் இல்லை. கோணல் இருக்கவே முடியாது, ஏனென்றால் அவர் இன்னும் எதையும் செய்யவில்லை. எந்த வழியில் கற்றால் சிறப்பு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். தேர்ந்தெடுத்தே ஆயுளைக் கழிக்கட்டுமே, நமக்கென்ன என்கிறீர்களா? அவர் தனக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

திருச்சி மேலப்புதூரில் குடியிருந்த அமிர்தராஜ் இந்த இனத்தில் முதல்தரமானவர். ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஹெட்கிளார்க். பழகுவதற்கு எந்த சைக்கிள் நல்லது என்று இருபத்திரண்டாவது வயதில் விசாரிக்க ஆரம்பித்து, நாற்பத்தாறு வயதிலும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வந்தவர். அவர் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை இருக்கும்: "அடிப்படை." எதைத் தொடச் சொன்னாலும், "அடிப்படை சரியா இருக்கணுங்க" என்பார். அதோடு அந்தக் காரியம் முடிந்தது.

இவருடைய மனைவி லூர்துராணி, தெருக்கோடிக் கான்வென்ட் பள்ளியில் காலை வேளைகளில் மட்டும் தையல் டீச்சர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். 1986 ஜனவரியில் தலைமை ஆசிரியை சிஸ்டர் அமலராணி அவளைக் கூப்பிட்டார்.

"வர்ற வருஷத்திலேருந்து தையல், மண்பாண்டம் ரெண்டையும் சேத்து ஒரே போஸ்ட்டா ஆக்கறோம். நிரந்தரம். மே மாசம் கமிட்டி முன்னால சக்கரத்துல ஒரு பானை செஞ்சு காட்டணும். உன்னால ஆகலன்னா வெளியாள எடுத்துருவாங்க. அப்புறம் தையலும் உனக்கு இல்லம்மா."

பின்கட்டு அறையில் புதிதாக ஒரு மிதிசக்கரம் வாங்கிப் போட்டிருந்தார்கள். லூர்துராணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"யாராவது பானை செய்யறவங்ககிட்டப் போயி ரெண்டு மாசம் கத்துக்கறேங்க."

"அவங்களுக்குச் செய்யத்தான் தெரியும், சொல்லித்தரத் தெரியாது" என்றார் அமிர்தராஜ், வாழ்நாளில் ஒரு குயவரிடமும் பேசியறியாதவர். "இப்ப இதுக்கெல்லாம் வீடியோ கேசட் வந்திருக்கு. குவைத்திலேருந்து தம்பி அனுப்பின டெக் சும்மாதானே கெடக்கு? நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம். நல்ல கேசட்டா நான் எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் மண்ணுல கை வச்சுடாத. தப்பாப் பழகிட்டா மாத்த முடியாது."

லூர்துராணி சரி என்று தலையாட்டினாள். பத்தொன்பது வருடப் பழக்கம்.

அடுத்த சனிக்கிழமை அமிர்தராஜ் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார். சித்திரை வீதியில் அழகிரி என்பவர் வாடகைக் கேசட் கடை வைத்திருந்தார். சினிமாக் கேசட்டுகளைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டறியாத அந்தக் கடையில், மண்பாண்டம் செய்யக் கற்றுத்தரும் கேசட் வேண்டும் என்று கேட்ட முதல் மனிதர் இவர்தான். அழகிரி மெட்ராஸ் மொத்த வியாபாரிக்கு எழுதிப்போட்டு வரவழைத்தார்.

முதல் கேசட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மண் பிசைவதிலிருந்து பானையை நூலால் அறுத்து எடுப்பதுவரை நிதானமாகச் சொல்லித் தந்தார். அமிர்தராஜ் டிவி முன்னால் ஃபுல்ஸ்கேப் தாளோடு உட்கார்ந்தார். ஸ்கேல் வைத்துக் கோடுபோட்ட தாள். வெளிச்சம், விளக்கம், உச்சரிப்பு, கைச்சுத்தம் என்று கட்டம் கட்டமாக மார்க். கால் மணி நேரத்தில் டெக்கை நிறுத்திவிட்டார்.

"எனக்கு நல்லாத்தாங்க புரியுது" என்றாள், கதவோரமாக நின்ற லூர்துராணி.

"புரிஞ்சு என்ன பிரயோசனம்? ஆள் இடதுகைக்காரன். சக்கரத்தையே எதிர்ப்பக்கமா சுத்தறான். அடிப்படையே தப்பு. நகத்தப் பாத்தியா, அழுக்கு."

இரண்டாவது அமெரிக்காக் கேசட். அது நம்மூர் டெக்குக்கு ஒத்துவராமல், பானைக்குப் பதிலாகப் படமே சுற்றியது. மூன்றாவது ஜப்பான்காரருடையது. நாற்பது நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை, விளக்கத்துக்குப் பூஜ்யம். நான்காவதில் பின்னணி இசை அதிகம். ஐந்தாவதில் மாஸ்டருக்கு வயது போதாது. இப்படியே பிப்ரவரி போயிற்று, தவக்காலம் போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து ஆறாவது கேசட் ஒன்று வருகிறது என்று அழகிரி சொல்லிவைத்தார். அதுதான் சரியான கேசட் என்பதில் அமிர்தராஜுக்குச் சந்தேகமே இல்லை. வந்ததில் எல்லாம் குறை இருந்தது. வராததில் என்ன குறை இருக்க முடியும்?

வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் தாள்களைக் காட்டினார். "பாத்திரம் வனையறது ஒரு பெரிய சயன்ஸுங்க" என்று தொடங்கி, மண்ணின் ஈரப்பதம்வரை பேசினார். கேட்டவர்கள் அவர் வீட்டுக் கொல்லையில் சூளையே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

மே மாதம் கமிட்டி கூடும் நாளும் வந்தது. சிங்கப்பூர்க் கேசட் வரவில்லை. அமிர்தராஜ் அரைநாள் லீவு போட்டுவிட்டு மனைவியோடு பள்ளிக்குப் போனார், ஃபுல்ஸ்கேப் தாள்களை ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு. கமிட்டி உட்காருவதற்கு முன்பே சிஸ்டர் அமலராணியின் மேஜைமேல் அதை விரித்தார்.

"சிஸ்டர், மூணு மாசம் டைம் குடுங்க. இதுவரைக்கும் அஞ்சு கேசட் பரிசீலனை பண்ணியிருக்கேன். எதுவும் தரமா இல்ல. இவளுக்கு இன்னும் பாடமே ஆரம்பிக்கல."

சிஸ்டர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க சார்" என்றார்.

அதற்குள் லூர்துராணி புடவைமேல் ஒரு பழைய துணியைக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலால் மிதித்தாள். சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மண்ணுருண்டை குடிகாரனைப்போல் ஆடியது; முழங்கையைத் தொடையில் ஊன்றி அழுத்தினாள், அடங்கி நின்றது. நடுவில் குழிவிட்டு, உள்ளே ஒரு கை வெளியே ஒரு கையாகச் சுவரை மேலே இழுத்தாள். ஒரு சாண் எழும்பியதும் சுவர் ஒருபக்கமாகத் துவண்டு, பொத்தென்று உட்கார்ந்தது.

அமிர்தராஜ் மனசுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. சொன்னேனே, அடிப்படை. அடுத்த நிமிடம், வேலை போகப்போவது யாருக்கு என்பது நினைவு வந்து நிம்மதி கசந்தது. மனைவி தோற்றபோது சந்தோஷப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார். இந்த இனத்தாருக்கு வெட்கமும் வரும், ஆனால் நிற்காது.

லூர்துராணி குனியவில்லை. சரிந்த மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு வேறு உருண்டை எடுத்து வைத்தாள். இந்த முறை சுவர் எழும்பியது, வயிறு விரிந்தது, கழுத்து குறுகியது. நூலால் அறுத்து எடுத்துப் பலகைமேல் வைத்தாள். கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்த பானைதான். ஆனால் பானை.

வேலை இவளுக்கே என்று கமிட்டியார் தலையசைத்தார்கள். சிஸ்டர் அவளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

திரும்பி வரும் வழியில் அமிர்தராஜ் கேட்டார்: "எந்தக் கேசட்டு?"

"நீங்க தள்ளிவிட்டீங்களே, மொதக் கேசட்டு, அதேதாங்க. மறுவாரமே நானே ஸ்ரீரங்கம் போயி அழகிரி அண்ணன்கிட்ட வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க ஆபீஸ்ல இருக்கறப்ப கொஞ்சம் பாப்பேன், உடனே ஸ்கூலுக்கு ஓடிப்போயி செஞ்சு பாப்பேன். நாப்பது அம்பது பானை சரிஞ்சிருக்கும்."

"அவன் இடதுகைக்காரன்னு சொன்னேனே."

"நானும் இடதுகைதாங்க. கத்தரிக்கோல், ஊசி எல்லாம் எதுல புடிக்கிறேன்?"

வெள்ளைக்காரக் கிழவரின் நகத்து அழுக்கைப் பார்த்து மார்க் குறைத்தவர், நாலு மாதமாகத் தனக்குச் சோறு போட்ட கையின் நகத்தில் இருந்த மண்ணைப் பார்க்கவில்லை.

"ஒருநாள் நீங்களும் வந்து கை வச்சுப் பாருங்களேன்" என்றாள் லூர்துராணி. கேலியாகச் சொல்லவில்லை.

அவர் பத்தடி தூரம் யோசித்தார். "வரலாம்தான். ஆனா மிதிசக்கரம் நல்லதா, கரண்ட் சக்கரம் நல்லதான்னு மொதல்ல பாக்கணும்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஆபீஸில், சரியான வழிகாட்டி இருந்தால் யாரை வேண்டுமானாலும் ஆளாக்கிவிடலாம் என்றும், தன் மனைவியே அதற்கு அத்தாட்சி என்றும் சொல்லிவந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த நாலைந்து பேர் நினைவுக்கு வந்திருப்பார்கள். நல்லது. அதில் உங்களைச் சேர்த்துக்கொள்ள நான் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். இன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை ஏதோ ஒன்று இருக்க, அதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடலாம் என்றுதானே உட்கார்ந்தீர்கள்?