கடலுக்கு எல்லைக்கல் நட்ட மணியக்காரர்

சமுத்திரத்துக்கு எல்லை போடப் போன மனுசன் இந்த ஒலகத்துலயே ஒருத்தருதானுங்க. அவரும் எங்க நாமக்கல்லுக்காரரு. வாய்க்கால்ல தண்ணி வந்தாலே குடும்பத்தோட வேடிக்கை பாக்கப் போற சனமுங்க நாங்க!

எம்பதாம் வருசம் பொறந்த சமயம். லாரிப் பட்டறைக்கு எதுத்தாப்புல நான் இட்லிக்கடை போட்டிருந்தேன். அவரு ராமநாதபுரம் கடக்கரையிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு மீன் லோடு அடிக்கற டிரைவரு. பேரு ஒருத்தருக்கும் தெரியாது. ஊர்ல நெலத்துக்கு எல்லை பாக்கறவரு மணியக்காரரு. இவரு கடலுக்குப் பாத்ததால "கடல் மணியக்காரரு."

எல்லாம் ஒரு கடல்பசுவால வந்த வெனை. லோடு ஏத்தப் போன எடத்துல, வலையில மாட்டுனதைக் கூறு போட்டுட்டு இருந்திருக்காங்க. "மடியில பாலு இருந்துச்சு அம்மிணி. கன்னு எங்க தேடுதோ"ன்னாரு. அன்னைக்கு இட்லியத் தொடலை.

அதுலருந்து கரைக்குப் போனா பெருசுகளப் புடிச்சுக்குவாரு. கடல்புல்லு எங்க மொளைக்குது, மீனு எங்க முட்டை உடுது, அந்தப் பசு எங்க மேயுதுன்னு ஒரே கேள்வி. கேட்டதைப் பழைய தார்ப்பாயில நம்பர் பிளேட்டு பெயிண்ட்டால தீட்டுவாரு. புல்லுக்குப் பச்சை, முட்டைக்கு மஞ்ச, பசுவுக்குச் செகப்பு.

"ஏனுங்ணா, இத்தனை ஊடு ஏறி எறங்கிப் பொண்ணு கேட்டிருந்தா, இந்நேரம் பேரனே எடுத்திருப்பீங்களே!"

"சிரி அம்மிணி, சிரி. சோளக்காட்டுல நல்லாப் புடிச்ச மூலைய விதைக்குன்னு உடறமில்ல? கடலுக்கு வேண்டாமா?"

சட்டினி ஊத்திக்கிட்டே நானும் அந்தத் தார்ப்பாய எட்டிப் பாத்தேனுங்க.

மூணு சாயமும் ஒண்ணு மேல ஒண்ணு உழுந்த எடம் ஒண்ணு இருந்துச்சு. அதுதான் விதைமூலைன்னாரு. அந்தக் கரையில மீன் புடிக்கற குப்பத்துச் சனமும், "அடையாளம் வெச்சுக் காட்டுங்க, அங்க வலை போடல"ன்னு ஒத்துக்கிச்சு. மனுசனுக்குத் தெரிஞ்ச அடையாளம் எல்லைக்கல்லுதானுங்களே? காட்டுக்கு நடறாப்புலயே கல்லு செதுக்கி, லாரியில ஏத்திக்கிட்டுப் போயி, வள்ளத்துல நின்னு கடலுக்குள்ள எறக்கிட்டாரு.

"நட்டாச்சுங்ளாண்ணா?"

"நட்டாச்சு. மேலதான் தெரிய மாட்டேங்குது."

"மீனுக்குத் தெரியுமில்லீங், அது போதும்!"

பட்டறையே உருண்டு சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே பட்டறையில கெடந்த பழைய டியூப்பையெல்லாம் பொறுக்குனாரு. காத்தடிச்சு, மறுபடியும் கல்லு செதுக்கிக் கொண்டு போயி, கல்லுக்கும் டியூப்புக்கும் கவுறு கட்டி உட்டாரு. சுத்தி மெதந்துச்சு எல்லை. அந்தச் சனமும் சொன்ன சொல்லக் காப்பாத்துச்சு. ஒருநா, அதுக்குள்ள ஒரு பசு கன்னோட மூச்சு வாங்குனதைப் பாத்தேன்னு வந்தாரு. பட்டறைக்கே அன்னைக்கு அவரு காசுல இட்லிதான்.

அப்புறம் வேற எங்கிருந்தோ, கடலடி வரைக்கும் வலைய எறக்கி வாரற இழுவைமடிப் போட்டுங்க வந்துச்சு. கல்லு, டியூப்பு, புல்லு எல்லாத்தையும் வேரோட வாரிக்கிட்டுப் போயிருச்சு. கிழிஞ்ச டியூப்பைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து பெஞ்சுல உக்காந்தாரு.

"விதையையும் வறுத்துத் தின்னுட்டாங்க அம்மிணி."

எதாச்சும் கேலி பேசிச் சிரிக்க வெக்கலாம்னு பாத்தேன். கடைசில ரெண்டு இட்லிய வெச்சு எலையை அவரு பக்கம் தள்ளுனேனுங்க.

எந்திரிச்சுப் போயி டியூப்புக்குப் பஞ்சரு ஒட்ட ஆரம்பிச்சாரு. "வேரு மிச்சமிருந்தா மொளைக்கும்"னு அதையே சொல்லிக்கிட்டு லாரி ஏறுனாரு. வழியிலயே நெஞ்சு நின்னு போச்சு. அப்பவும் வண்டிய ஓரங்கட்டி, இஞ்சினை அணைச்சுட்டுத்தான் போயிருக்காரு.

அவருக்குன்னு ஒருத்தருமில்லை. எரிச்ச சாம்பலைக் காவேரியிலயே கரைச்சரலாம்னாங்க பட்டறைக்காரங்க. நான் ஒத்துக்கலை. கலயத்தை மடியில வெச்சுக்கிட்டு, ஒரு மீன் லாரியில ஏறிட்டேன். நான் கடலைப் பாத்தது அன்னைக்குத்தானுங்க.

"எங்கன கரைக்கணும் தாயி?"ன்னாரு வள்ளக்காரரு.

"அவரு கல்லு நட்ட எடத்துலீங்."

வள்ளத்தை நிறுத்துனாரு. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே தண்ணி. குனிஞ்சு, "இந்த மனுசனுக்கு நீச்சல் தெரியாது சாமி, கொஞ்சம் பாத்துக்க"ன்னு கடலுகிட்டச் சொல்லிப்போட்டு, மெதுவா எறக்கி உட்டேன்.