ரொட்டிக்கடை வரைக்கும்

மகள் கேட்டைத் திறந்து வெளியே காலை வைத்ததுமே நார்சிசோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

“உக்காரு,” என்றாள் மனைவி பெர்லிதா. “டாக்டர் என்ன சொன்னாங்க?”

“வீட்டுக்குள்ளேயே இருக்கணும்னாங்க.”

“அப்ப இரு.”

கிளாரிஸுக்குப் பத்து வயது. வீட்டுக்குள் வாயாடி, வெளியாள் முகத்தைப் பார்த்துவிட்டால் நாக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் பார்த்து வயிற்றுவலி வரும். ஒரு வருடமாக பெர்லிதா அவளை டாக்டர் சாலஸாரிடம் கூட்டிப் போகிறாள். எதிர்த் தீவுக்குப் போகும் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் நார்சிசோவுக்கு லீவு கிடைப்பதில்லை.

போன வாரம் டாக்டர் அவனையும் வரச்சொல்லி ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலையில் கிளாரிஸ் தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய், தன் வாயால் கேட்டு, பன்தெசால் ரொட்டி வாங்கி வர வேண்டும். அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டும். பின்னால் போகக்கூடாது. யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கக்கூடாது.

கேட்டருகே கிளாரிஸ் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது.

“அப்பா, உள்ளேயே இருப்பீங்கல்ல?”

“இருக்கேன் கண்ணு. நீ பயப்படாமப் போ.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். நார்சிசோ ஜன்னல் திரைக்குப் பின்னால் ஓடினான்.

யாரிடமும் சொல்லி வைக்கக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் முந்தின நாளே அவன் ரொட்டிக்கடைக்கார அக்கா மனாங் லூசிங்குக்குப் போன் போட்டுவிட்டான்.

“மனாங், நாளைக்கு எம்பொண்ணு வருவா. ஒண்ணும் கேக்காம ரொட்டியக் குடுத்துடுங்க.”

போனை வைத்த பிறகுதான், அப்படிச் செய்தால் பிள்ளை பேச வேண்டியதே இருக்காது என்று உறைத்தது. மறுபடி போன்.

“மனாங், அவ வாயத் திறக்குற வரைக்கும் குடுக்காதீங்க. ஆனா முறைக்காதீங்க.”

“நான் எப்பப்பா முறைச்சேன்?”

“சிரிக்கவும் வேணாம். கேலி பண்றீங்கன்னு நெனச்சுக்குவா.”

“அப்ப என் மூஞ்சிய நான் எங்க கொண்டுபோய் வெச்சுக்குறது?”

அதோடு விட்டிருக்கலாம். முனையில் நிற்கும் மூன்று சக்கர வண்டிக்காரர்கள் போடுவது சத்தமென்றால் சத்தம், அப்படி ஒரு சத்தம். கிளாரிஸ் மிரண்டுவிடுவாளே என்று அவர்களிடமும் போய்ச் சொன்னான். “காலைல கொஞ்ச நேரம் சத்தமே வேணாம்ப்பா. அப்புறம், நான் வந்து சொன்னேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. யாரு கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னுடுங்க.” நல்ல மனிதர்கள். தலையாட்டினார்கள்.

இப்போது ஜன்னல் வழியே பார்த்தால் தெரு முழுக்க மாதா கோவில் அமைதி. எஞ்சின் இல்லை, ரேடியோ இல்லை. வண்டிக்காரர்கள் வரிசையாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நடந்து போகும் பத்து வயதுப் பெண்ணையே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அய்யய்யோ. எல்லாரும் அவளையே பாக்குறாங்க.”

“ஏன் பாக்குறாங்க?” பெர்லிதாவின் குரலில் சந்தேகம் ஏறியது. “நார்சிசோ, என்ன பண்ணி வெச்ச?”

“ஒண்ணுமில்ல. பின்கட்டுல துணி எடுக்கப் போறேன்.”

“துணி இன்னும் துவைக்கவே இல்ல.”

அதற்குள் அவன் கொடியில் தொங்கிய பெர்லிதாவின் ஓலைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பாய்ந்திருந்தான். தொப்பியில் ஊதாப் பூ ஒன்று இருந்தது. அதைப் பார்க்க நேரமில்லை.

நிறுத்தி வைத்திருந்த ஜீப்னி என்னும் நீளப் பயணிகள் வண்டி ஒன்றுக்குப் பின்னால் குந்திக்கொண்டான். கிளாரிஸ் கடையை நெருங்கிவிட்டாள். அவன் வண்டிக்காரர்களைப் பார்த்து, எப்பவும் போல இருங்க, சத்தம் போடுங்க என்று இரண்டு கைகளையும் ஆட்டி ஜாடை காட்டினான்.

அவர்களுக்குப் புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்தது. எல்லா எஞ்சினும் ஒரே நேரத்தில் உறுமின. எல்லா ஹாரனும் அலறின. ஒருவன் ரேடியோவை உச்சத்தில் வைத்தான். தெருவிலிருந்த நாய்கள் அத்தனையும் எழுந்து குரைக்க ஆரம்பித்தன.

நார்சிசோ காதைப் பொத்திக்கொண்டு, குனிந்தபடியே அடுத்த வண்டிக்குத் தாவினான். மூன்றாவது வண்டிக்குத் தாவும்போது பின்கழுத்தில் ஒரு கை விழுந்தது.

“கொஞ்ச நேரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன்,” என்றார் பேட்டைக் காவலர். வேலைக்குப் புதிது. “பொம்பளத் தொப்பி போட்டுக்கிட்டு அந்தச் சின்னப் பொண்ணு பின்னாடியே எதுக்குப் பதுங்கிப் பதுங்கிப் போற?”

அப்பா என்று சொன்னால் கிளாரிஸ் காதில் விழுந்துவிடும். பயிற்சி பாழாகிவிடும்.

“டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்,” என்று கிசுகிசுத்தான்.

“இது உன் வண்டியா?”

“இல்ல.”

“ஏன் கிசுகிசுங்குற?”

“தொண்டை சரியில்ல.”

காவலர் வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். “இவன உங்களுக்குத் தெரியுமா?”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள்.

“பாத்ததே இல்லைங்க,” என்றான் நார்சிசோவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ பிள்ளை பிடிக்கிறவன் என்றார்கள். ஒரு அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளாரிஸ் வந்து நின்றாள். கையில் சூடான ரொட்டிப் பை.

காவலர் அவள் பக்கம் குனிந்தார். “இந்தாம்மா, பயப்படாம சொல்லு. இந்த ஆளை உனக்குத் தெரியுமா?”

நார்சிசோ சுற்றிலும் பார்த்தான். சீருடை, கூட்டம், கேள்வி. தன் பிள்ளை எதையெல்லாம் நினைத்து ராத்திரி போர்வைக்குள் நடுங்குவாளோ, அத்தனையையும் அவனே தெருவில் கொண்டுவந்து குவித்திருந்தான். வேண்டாம், பேசாதே, நான் ஸ்டேஷனுக்கே போய்க்கொள்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

கிளாரிஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

“தெரியும்,” என்றாள். எல்லார் காதிலும் விழுந்தது. “இது எங்கப்பா. யாரையும் கடத்த மாட்டாரு. என்னைப் பத்தி ரொம்ப பயப்படுவாரு, அவ்வளவுதான். கழுத்தை விடுங்க, அவருக்கு வலிக்கும்.”

காவலர் கையை எடுத்தார். துடைப்பம் கீழே இறங்கியது.

நார்சிசோ அப்படியே மண்டிபோட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதான். தொப்பி சரிந்தது. “பேசிட்டா. பாத்தீங்களா, எம்பொண்ணு பேசிட்டா,” என்று காவலரிடம் சொன்னான், துடைப்பக்காரியிடம் சொன்னான், அவனைத் தெரியவே தெரியாது என்ற தோழனிடமும் சொன்னான். வண்டிக்காரர்கள் இந்த முறை யாரும் கேட்காமலே ஹாரன் அடித்தார்கள். கிளாரிஸ் அசையவில்லை. அப்பாவின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மனாங் லூசிங் மாவுக் கையைத் துடைத்தபடி கடையிலிருந்து இறங்கி வந்தாள்.

“மனாங்,” என்று விக்கினான் நார்சிசோ. “பயிற்சியில ஜெயிச்சுட்டா. முதல் தடவையே ஜெயிச்சுட்டா. டாக்டர் என்ன சந்தோஷப்படுவாங்க.”

மனாங் லூசிங் அவனையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கலாமா முறைக்கலாமா என்று அவளுக்கு இன்னமும் தெரியவில்லை.

“ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் விட்டதும் இவதான் தினம் தனியா வந்து, வாயத் திறந்து கேட்டு ரொட்டி வாங்கிட்டுப் போறா. இன்னைக்குப் பயிற்சி உனக்குத்தானாம்ப்பா, இப்பத்தான் கடையில சொன்னா. நீ தேறலன்னு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பிள்ள ஒரே கவலையில இருக்கு.”