எதிர்வாசல் செருப்புகள்

"பதினேழு!" என்றார் லக்ஷ்மிநாராயணன், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.

"எது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் வேதா.

"செருப்பு. எதிர்ப் படிக்கட்டுல. நேத்து பதினாலு ஜோடிதான் இருந்தது."

"நம்ம வாசல்ல?"

அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி அவர் மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். அவர் வாசலில் இருந்தது ஒன்பது. அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று வேதாவுடையது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சந்தில் பதினெட்டு வருஷமாக 'நவரத்னா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்' நடக்கிறது. முன் ஹாலில் பன்னிரண்டு மெஷின், பின்பக்கம் குடித்தனம். பத்தாவது பாஸ் பண்ணினால் அடுத்தது டைப்ரைட்டிங் என்றிருந்த காலத்தில் காலை வைக்க இடமிருக்காது. இப்போது தொண்ணூற்று நாலு. பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறக்கிறார்கள். இந்தத் தடவை பரீட்சைக்கு இருபது பேராவது சேராவிட்டால் மெஷின்களைத் தள்ளிவிட்டு, பெங்களூரில் மச்சினன் நடத்தும் ஸ்டேஷனரி கடையில் போய் உட்காருவது என்று பேசி முடிவாகியிருந்தது. மச்சினன் அதற்குள் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டான். அதை நினைத்தாலே இவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றத்தான் எதிர் மாடியில் 'தபீதாள் சுயதொழில் பயிற்சி நிலையம்' வந்து சேர்ந்தது. தையல், எம்பிராய்டரி, பினாயில் தயாரிப்பு. இரண்டு வருஷமாகியும் இவர் அந்தப் படியேறியதில்லை, அதை நடத்தும் தபீதாளும் இந்த வாசலை மிதித்ததில்லை. பொறாமையா என்று யாராவது கேட்டால், "சேச்சே, ஒரு கவலை, அவ்வளவுதான்" என்பார். கவலைப்படுகிற எவனும் எதிராளி வீட்டுச் செருப்பை ஜோடி சேர்த்து எண்ணுவதில்லை.

தெருமுனை டீக்கடைக் குப்பன் கம்பி வளையத்தில் கிளாஸ்களோடு உள்ளே வந்தான். இந்த இடத்துக்கும் எதிர் மாடிக்கும் டீ அவன்தான். அதனால் சேதியும் அவன்தான்.

"எதிர்ல என்ன குப்பா, கூட்டம் ஏறிண்டே போறது?"

"இன்னாத்த சொல்றது சார். காத்தால அஞ்சரைக்கு ஒரு பேட்ச் போடறாங்களாம். வேலைக்குப் போற பொண்ணுங்க ரயில் புடிக்கிறதுக்கு முன்னாடி கத்துகினு போவலாம்ல?"

லக்ஷ்மிநாராயணனுக்கு டீ கசந்தது. இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

"அவ அஞ்சரையா? அப்போ நாம அஞ்சு!"

"யார் எழுந்திருக்கறது?" என்றாள் வேதா.

எழுந்தது வேதாதான். நாலு மணிக்கு வாசல் தெளித்து, ஐந்துக்கு விளக்குப் போட்டாள். ரயிலுக்குப் போகிற வழியில் நாலு பேர் வந்தார்கள். நாலு மெஷின் என்றாலும் அந்த வேளையில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ராஜகோபாலன் மப்ளரோடு வந்து நின்றார்.

"சார், இது வீடா, பிரஸ்ஸா?"

லக்ஷ்மிநாராயணன் அவரைப் பார்க்கவேயில்லை. எதிர் மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பார்த்தியா வேதா, நம்மளுக்கும் முன்னாடியே திறந்துட்டா! கடங்காரி, தூங்கவே மாட்டாளா?"

சத்தம் குறைய மெஷின்களுக்குக் கீழே பழைய சாக்கை மடித்து வைத்தார். வரி முடிந்து மெஷினின் மேல் வண்டியை இழுத்து விடும்போதெல்லாம் மெஷின் ஒரு அங்குலம் நகர்ந்து, ஒரு பாராவை ஆரம்பித்தவன் முடிக்கும்போது பக்கத்து ஆளின் மடியில் இருந்தான்.

அடுத்த வாரம் எதிரில் இருபத்திரண்டு ஜோடி.

"எப்படி குப்பா?"

"அந்தம்மா எத்தையும் வேஸ்ட் பண்றதில்ல சார். பழைய பேப்பர்ல கவர் ஒட்டக் கத்துக் குடுக்கறாங்களாம். பிளாஸ்டிக் பை வாணாம், பேப்பர் பைதான் நல்லதுன்னு கடைக்காரங்களும் கேட்டுகினு கீறாங்க. படிச்ச மாதிரியும் ஆச்சு, தொழிலும் ஆச்சு."

லக்ஷ்மிநாராயணன் பரணைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்து 'ஏ எஸ் டி எஃப்' பயிற்சித் தாள்கள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மறுநாளே வாசல் போர்டில் 'இலவசக் காகிதக் கவர் பயிற்சியுடன்' என்று சுண்ணாம்பில் எழுதினார். மெஷினுக்குக் காத்திருப்பவர்கள் தரையில் உட்கார்ந்து கவர் ஒட்டினார்கள். வேதா ஒரு அண்டா மைதாப் பசை காய்ச்சினாள். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். பசைக் கையோடு வந்து உட்கார்ந்தவர்கள் 'ஏ'யை அழுத்தினால் அது கீழே போனதோடு சரி, எழுந்திருக்கவில்லை. ஒரு வாரம் அவர் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷுமாக 'ஏ'க்களை எழுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதும் கண் ஜன்னலில்தான். எதிர் மாடி வராந்தாவில் பெண்கள் வரிசையாகக் கவர் ஒட்டினார்கள். என்ன அழகாக ஒட்டினார்கள்! அவருக்கு அழுகையே வந்தது.

"திருநீர்மலைப் பெருமாளே, ஒரே ஒரு தடவை நான் அவளை முந்திட்டா நடந்தே வந்து சேவிக்கறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

பெருமாள் காதில் விழுவதற்குள் குப்பன் வந்தான்.

"மண்புழு உரம் சார்."

"என்னது?"

"பொட்டில புழு வுட்டு, சாணி, காஞ்ச எல, டீத்தூள் சக்கை போட்டா உரமாயிடுதாம். மொட்டமாடித் தோட்டம் வெச்சிகீறவங்க அள்ளிகினு போறாங்களாம். அந்தம்மா இதுக்கே தனி கிளாஸ் போடறாங்க. ஒங்களுக்குச் சக்கை வேணும்னா நம்ம கடைல மலையாட்டம் கீது, சும்மாவே தரேன்."

அன்றே லக்ஷ்மிநாராயணன் மேடவாக்கத்து நர்சரி ஒன்றுக்குப் போய் ஒரு பை நிறையப் புழுவோடு பஸ் ஏறினார். பை நெளிவதைக் கண்டக்டர் பார்த்தார்.

"பையில இன்னா சார்?"

"புது ஸ்டூடண்ட்ஸ்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்கட்டில் வைக்க வேதா ஒப்பவில்லை. "அடுப்படியில புழு வந்தா அன்னிக்கே நான் பெங்களூர்" என்றாள். ஆகவே நாலு மரப்பெட்டிகளும் ஹாலில், மெஷின் மேஜைகளுக்குக் கீழேயே இடம் பிடித்தன. இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஹால் ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. புழுக்கள் மேடு தேடி ஏறின.

மேஜைக்கு மேலே அவற்றுக்கு முதலில் அகப்பட்டது நாலாம் நம்பர் மெஷின். அதில் உட்கார்ந்திருந்தவள் திரிபுரசுந்தரி, ஹையர் பரீட்சைக்குப் போகிறவள். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பது நவரத்னாவில் பதினெட்டு வருஷத்துச் சட்டம். அவளும் பார்க்கவில்லை.

"சார், 'எல்' வழுக்குது சார்."

"பாக்காம அடி."

"'எல்' நகருது சார்!"

"பாக்காம அடின்னேன்!"

அவள் பார்த்துவிட்டாள். அந்தக் கூச்சலில் ஹால் அரை நிமிஷத்தில் காலியாகி, எல்லாரும் தெருவில் மழையில் நின்றார்கள். வேதா முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். போஸ்ட்மாஸ்டர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்து, உடனே மூடிக்கொண்டார்.

லக்ஷ்மிநாராயணன் நடு ஹாலில் நின்றார். அவர் மனசில் ஒரே கேள்வி. எதிரிலும் இதே மழை, இதே புழு. அங்கே மட்டும் எப்படிச் சத்தமே இல்லை? என்ன வித்தை வைத்திருக்கிறாள்? குடையைக்கூட எடுக்காமல் தெருவைக் கடந்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படிகளில் ஏறினார்.

மாடியில் ஆறு தையல் மெஷின்கள் இருந்தன. ஆறு பெண்கள் ஸ்டூல்மேல் ஏறி நின்று, வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். துணி வெட்டும் மேஜையின் மேல், பெரிய கத்தரிக்கோலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார் தபீதாள். கீழே தரை முழுக்க நெளிந்துகொண்டிருந்தது.

"வாங்க சார்" என்றார் மேஜைமேலிருந்தே. "பார்த்துச் சிரிக்கத்தானே வந்தீங்க? எல்லாம் உங்களாலதான்!"

"என்னாலயா? நீங்கதானேம்மா மொதல்ல புழு விட்டது!"

"நானா? கர்த்தரே! நீங்க மண்புழு கிளாஸ் ஆரம்பிச்சு கூட்டம் அள்ளுதுன்னு கேட்ட அப்புறம்தானே நான் பெட்டி வாங்கினேன்? மழையிலயும் உங்க பக்கம் கூட்டம் தெருவரைக்கும் நிக்குதுன்னு இப்பத்தான் பொறாமைப்பட்டுட்டிருந்தேன்."

"விடியக்காலை பேட்ச்?"

"அதுவும் நீங்கதான். கவரும் நீங்கதான். எத்தனை நாளைக்கு சார் தாங்கறது? என்கிட்ட வர்ற பொண்ணுங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானா மறுநாளே நின்னுடுவாங்க. உங்களுக்கென்ன, கவர்மெண்ட் பரீட்சை. இன்னிக்குக்கூட உங்க வாசல்ல முப்பத்தொரு ஜோடி. தினமும் எண்ணிட்டுதான் இருக்கேன்."

லக்ஷ்மிநாராயணன் மெல்ல ஜன்னலுக்குப் போனார். எதிரே அவருடைய வாசல். மழையில் நனைந்துகொண்டு, படியில் இடம் போதாமல் தெருவரைக்கும் செருப்புகள். தன் வாசலை இந்தப் பக்கமிருந்து அவர் பார்த்ததே இல்லை. மச்சினன் நாற்காலி ஒரு கணம் நினைவுக்கு வந்து, அப்படியே போய்விட்டது.

"இதெல்லாம் உங்ககிட்ட யார் சொன்னா?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட யார் சொன்னது?"

இருவரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். நாலு மணி. தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு குப்பன் டீயோடு ஏறி வந்தான். மேஜையையும் ஜன்னலையும் தரையையும் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. கிளாஸ்களை நிதானமாக ஒரு தையல் மெஷின்மேல் வைத்தான்.

"விடியக்காலை பேட்ச்சு, கவர், புழு எல்லாம் யாரோட யோசனை குப்பா?"

"நம்ம யோசனைதான் சார். ரெண்டு கடையும் மூடிட்டா நா யாருக்கு டீ ஊத்தறது?"

"அதை நேரா சொல்றதுக்கென்ன? எதுக்கு இங்க அங்கன்னு கதை கட்டினே?"

குப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் குரலில் கோபமே இல்லை.

"மொதல்ல நேராத்தான் சார் சொன்னேன், ரெண்டு பேராண்டயும். 'டீய வெச்சிட்டுப் போப்பா'ன்னுட்டீங்க."