ஆளில்லாத கடையில் நிற்க இடமில்லை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் மகளைத் தங்கள் மகனுக்குக் கொடுத்து, அந்த உரிமையில் அவ்வப்போது தொந்தரவும் கொடுத்துவருபவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம், மூட்டுவலியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், பிள்ளைகளும், முக்கியமாகப் பேத்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் பர்கர் கடையின் நலத்தை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் ஏறினால் விலையும் ஏறும் அந்தப் புதுப் பலகையைத் தாங்கள் மாட்டிய அன்று நாங்களும் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் நூறு கொடுத்து வாங்கிப் போனார். அதே பர்கர், நான் வாயைத் திறப்பதற்குள் நூற்றிருபது. "ஏம்மா, எங்களப் பாத்தா ஏமாந்த சோணகிரி மாதிரி இருக்கா?" என்று என் மனைவி கேட்டாள். "ஆள் வந்தா ஏறும்மா, போனா எறங்கும். நான் என்ன பண்றது?" என்றது கல்லாவில் இருந்த பெண். "அப்ப நாங்க வந்தது குத்தமா?" என்று ஆரம்பித்தவள்தான் சம்பந்தி, மறுநாளே எங்கள் அடுக்குமாடி மொத்தத்தையும் தங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். 'பசிக்கு ஏலம் போடாதே' என்று அட்டை எழுதியவள் அவள். பிடித்தவன் நான். எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

என்னைக் குடைந்ததெல்லாம் வேறு. உள்ளே எத்தனை பேர் என்று அந்தப் பலகைக்கு யார் சொல்கிறார்கள்? ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவனுக்கு இது தெரியாவிட்டால் எப்படி? அட்டையைத் தூணில் சாய்த்துவிட்டுத் தங்கள் வாசல் கதவில் உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி போனேன். காவலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெருசு, உள்ள வரீங்களா, வெளிய போறீங்களா?" என்றார். "அதத்தாம்பா நானும் உங்க பலகைகிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றேன். கடைசியில் பார்த்தால் கதவுக்கு மேலே ஒரு சென்சார்! உள்ளே போனால் ஒன்று கூட்டும், வெளியே வந்தால் ஒன்று கழிக்கும். அவ்வளவுதான் சம்பந்தி அதன் மூளை. லிஃப்ட் கதவுக்குக்கூட இன்னும் கொஞ்சம் விவரம் உண்டு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சாப்பிடும்போது இதை மனைவியிடம் சொன்னேன். "அப்ப பின்கதவு வழியா வந்து முன்கதவு வழியாப் போனா?" என்றாள். "பின்கதவுலதான் சென்சாரே இல்லியே, கழிச்சுக்கிட்டே இருக்கும்" என்றேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று என்றும் இல்லாத திருநாளாக அவள் உபசரித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் எங்கள் ஆட்கள் பின்கதவு வழியாக வந்தார்கள், முன்கதவு வழியாகப் போனார்கள், சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார்கள். நூறு எண்பதாகி, எண்பது ஐம்பதாகி, விஷயம் காதில் விழுந்த ஒரு பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பயணிகளோடு இறங்கி அதே பின்கதவு வழியாக வந்தார். கடையில் எள் போட்டால் எள் விழாது. அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் தங்களைப் போனில் கூப்பிட்டு, "என்ன, ஈ ஓட்டறீங்களா? பூஜ்யத்துக்கும் கீழ காட்டுதே" என்றதும், தாங்கள் "சார், நிக்க எடமில்ல சார்!" என்று கத்தியதும், அவர்கள் நம்பாததும் நான் பக்கத்தில் நின்று கேட்டவை. சத்தியமாக நான் சிரிக்கவில்லை, இருமினேன்.

தாங்கள் அதைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டு, "இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. கொழந்த அங்க வராது" என்று சொல்லிவிட்டீர்கள். ஞாயிறுதோறும் வருகிற பேத்தி வரவில்லை. அவளுக்கென்று எடுத்துவைத்த பழைய லிஃப்ட் பொத்தான் பலகை மேசைமேல் கிடக்கிறது. அவள் அமுக்குவாள், நான் மாடியைச் சொல்லிக் கதவு திறக்கும் சத்தம் போடவேண்டும். நேற்று நானே அமுக்கி நானே சத்தம் போட்டேன். அழுகை வந்துவிட்டது சம்பந்தி.

ஆகவே மன்னியுங்கள். என் மனைவி இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. பின்கதவுக்கும் ஒரு சென்சார் நானே மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம். குழந்தையை மட்டும் அனுப்பிவையுங்கள். கோபிக்காவிட்டால் ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பின்கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லை, உள்ளே தாழ் நீக்கினால்தான் திறக்கும். எங்கள் முதல் ஆள் போனபோதே அது திறந்து கிடந்ததாம். யார் திறந்தது? மண்டை வெடித்துவிடும்போல் இருக்கிறது.

வயதில் மூத்தவன் என்பதால் பிள்ளைகளுக்கு ஆசிகளும், பெண்ணைக் கொடுத்தவன் என்பதால் தங்களுக்கு வணக்கமும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் பேத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் வீட்டம்மா! "தாழ நீக்குனது நான்தாண்ணே. கட்டின பொண்டாட்டிக்கே ஏத்துன விலையில பில்லு போட்டாரு மனுசன், விடுவேனா?" என்றார். இப்போது கூடத்தில் என் மனைவியும் அவரும் புது அட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பேத்தி நாலாவது மாடியில் இருக்கிறாள், நான் கதவு திறக்க வேண்டும். சென்சார் மாட்டித் தருவதாகச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாங்கள் அங்கே தனியாகத்தானே இருப்பீர்கள்? கிளம்பி வாருங்கள். எங்கள் வீட்டில் ஆள் கூடினால் காபியில் தண்ணீர்தான் கூடும்.