பாதி மருந்து சொல்பவர்

நோயாளிகளில் 'பாதி மருந்து சொல்பவர்' என்றொரு இனம் உண்டு. இவர் பொய் சொல்ல மாட்டார். உண்மையைத்தான் சொல்வார், பாதியில் நிறுத்திக்கொள்வார். முழங்கால் எப்போது வலித்தது, எந்தப் பக்கம் சாய்ந்தால் குறைந்தது என்று டாக்டரின் காது புளிக்கப் பேசுபவர், 'என்னென்ன மருந்து எடுக்கறீங்க?' என்று கேட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

ஏன்? இந்த அப்பாவையே பாருங்கள். ஒரே வருடத்தில் பதினான்கு கிலோ குறைந்தவர். 'நடை! வெறும் நடை!' என்று பால்காரரிடம், முடிதிருத்துபவரிடம், லிஃப்டில் தப்பமுடியாமல் அகப்பட்டவரிடமெல்லாம் முழங்குவார். காலைநடைக் கூட்டாளிகளுக்கு இவர் 'தலைவர்'. ஞாயிறுதோறும் வயிற்றில் குத்திக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசி மட்டும் ஃபிரிட்ஜில், பழைய வெண்ணெய் டப்பாவுக்குள், வாய் திறக்காமல் கிடக்கும்.

சென்ற வருடம் அம்மா குடல் புற்றுநோயில் போனாள். தாமதமாகத் தெரிந்தது. இப்போது அப்பாவுக்கு இரண்டு முறை மலத்தில் ரத்தம். மகளுக்கு இயந்திரங்களைச் சோதித்துச் சான்று தரும் வேலை. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு நாள் வாங்கிவிட்டு, பட்டியலோடு உட்கார்ந்தாள்.

"சுகர் மாத்திரை எழுதிட்டேன். வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்கப்பா."

"நான் என்ன மருந்துக்கடையா நடத்தறேன்?"

சோதனைக்கு முந்தைய பட்டினிக்கு ஏற்ப டாக்டர் சுகர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். குடலைச் சுத்தமாக்க அப்பா பேதி மருந்தை லிட்டர் கணக்கில் குடித்தார், குளியலறைக்கே குடிபோனார். சோதனை நாளன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், துணைக்கு வந்த நடைக் கூட்டாளி முன்னால், வாந்தி எடுத்தார். முந்தாநாள் மதியம் சாப்பிட்ட சோறு, பருக்கை பருக்கையாக.

டாக்டர் குனிந்து பார்த்தார். "எடை குறைய ஊசி ஏதாவது போடறீங்களா?"

கடிகாரம் நல்ல கடிகாரம். அப்பா அதையே பார்த்தார்.

"அந்த ஊசி போட்டா வயிறு மெதுவாத்தான் காலியாகும். மயக்க மருந்து குடுத்தப்புறம் இது நுரையீரலுக்குள்ள போயிருந்தா? முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணியிருப்போமே."

மகள் பட்டியலை மடித்தாள். "அம்மா வலியை மறைச்சாங்க. நீங்க ஊசியை மறைக்கறீங்க. இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா."

அப்பாவின் கண் கடிகாரத்தை விட்டு இறங்கியது. கூட்டாளி நிற்கிறாரே! பதினான்கு கிலோ கௌரவம் என்னாவது?

"ஞாயித்துக்கிழமை போடறேன்," என்றார். "எட்டு மாசமா."

கூட்டாளி மெல்ல அருகே வந்தார்.

"தலைவரே, நான் புதன்கிழமை போடறேன்."

சோதனை பத்து நாள் தள்ளிப்போனது. அந்தப் பத்து நாளும் மகள் தூங்கவில்லை. ஊசியை என்ன செய்வது, எத்தனை நாள் திரவ உணவு என்று இம்முறை டாக்டரே எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வெண்ணெய் டப்பா இருக்காதுதான். அடுத்த முறை நர்ஸ் பேனாவைத் திறந்து 'வேற ஏதாவது?' என்று கேட்கும்போது, அந்தச் சுவரில் மணி என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் சரி.